வாசிக்க ஐந்து பேர்

ரூவி பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
என் டைப்பிங் சென்டர்.
பகலெல்லாம் விசா படிவம், வாடகை ஒப்பந்தம்,
தொலைந்த பாஸ்போர்ட்டுக்கு ஒரு கடிதம்.
ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியதும்
குனிந்து உள்ளே வருவார்கள்
நாடகம் எழுதியவர்கள்.
(குனியாமல் வர வழியில்லை.
அதைப் பணிவென்று நான் எடுத்துக்கொள்வதில்லை.)

சிமெண்ட் மூட்டைக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில்,
மருந்து கம்பெனி இலவசமாய்த் தந்த டைரியில்,
ஒருத்தி,
தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட
நூற்றுப் பன்னிரண்டு குரல் செய்திகளில்.

எல்லாம் அடித்துக் கொடுப்பேன்.
பக்கத்துக்கு இருநூறு பைசா.
முதல் நாடகத்துக்குக் காசில்லை.
இரண்டாவது நாடகத்தோடு
இதுவரை யாரும் வந்ததில்லை.

பெலவேந்திரன் கிரேன் ஓட்டுபவர்.
பதினொரு கதாபாத்திரம் எழுதியிருந்தார்.
"அத்தனை பேருக்கு எங்கே போவேன்?
வாசிக்க ஐந்து பேர் கிடைப்பார்கள்,
அதிலும் ஒருவருக்கு நைட் ஷிஃப்ட்.
அப்பாவும் ஃபோர்மேனும்
ஒரே ஆளாய் இருந்தால் என்ன?"
வெகுநேரம் பேசவில்லை.
"இருக்கலாம்" என்றார்,
"எங்கள் வீட்டில் அப்படித்தான்."

வியாழன் இரவு, தார்சைத்தில்
பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறை.
சாவி ரிசப்ஷனிஸ்ட் ஜுனைதாவிடம்.
சலூன் தணிகாசலம், வேதியியல் டீச்சர் வத்ஸலா,
எழுத்துக்கூட்டிப் படிக்கும் லாண்டரி இப்ராம்ஷா,
அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும்
படிக்க நான்.

எழுதியவரை முந்தின நாளே
துக்முக்கு அனுப்பிவிட்டார்கள்.
நாற்காலி போட்டு
அதில் கைப்பேசியை வைத்தோம்.

பதினேழாம் பக்கம். மனைவி சொல்கிறாள்:
"எனக்கு ஒன்றும் வேண்டாம்,
நீங்கள் வந்தால் போதும்."
வத்ஸலா நிறுத்தினாள்.
"எந்தப் பொம்பளை சார் இப்படிப் பேசுவா?"

நாற்காலியிலிருந்து பதில் இல்லை.
சிக்னல் போய்விட்டது என்றார் தணிகாசலம்.
போகவில்லை,
துக்மின் காற்று கேட்டுக்கொண்டிருந்தது.
பிறகு அவர்:
"அவ சொன்னதில்லை அது.
சொல்லுவான்னு நெனச்சது.
அடிச்சிருங்க."

இருபது வருஷமாய் அடிக்கிறேன்.
ஒரு வரியை
இல்லாமல் அடித்தது அன்றைக்குத்தான்.

அங்கே என்ன வைப்பது?
ஃபிரிட்ஜ் தவணை கட்டியாச்சா என்று கேட்கட்டும்
என்றாள் ஜுனைதா.
சிரித்தோம்.
இப்ராம்ஷா மட்டும் சிரிக்கவில்லை.
மறுபடி ஆரம்பத்திலிருந்து படிக்கலாமா என்றார்.
மணி ஒன்றரை.
படித்தோம்.

அனுமதிக்கு அரபியில் வேண்டும்.
மொழிபெயர்க்கும் எகிப்துக்காரர்
ஒவ்வொரு "அட"வுக்கும் போன் செய்தார்:
இது கோபமா, மகிழ்ச்சியா, வியப்பா?
ஆளைப் பொறுத்தது என்றேன்.
அப்படி ஒரு சொல் எங்களிடம் இல்லை
என்று பெருமூச்சு விட்டார்.
ஏழு வாரம் ஆனது.
அதற்குள் கதாநாயகனுக்கு விசா முடிந்தது.
வேறொருவனைப் பிடித்தோம்.

கடைசியில் கலாவில் ஒரு கேட்டரிங் கேன்டீன்,
மதியச் சாப்பாட்டுக்கும்
இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே.
நாற்பத்தாறு பேர். சாம்பார் வாசனை.
தணிகாசலம் பதற்றத்தில்
அப்பாவின் சட்டையைக் கழற்றாமலே
ஃபோர்மேனாய் வந்து நின்றார்.
அதுவரை இருமிக்கொண்டிருந்தவனும்
இருமலை விழுங்கினான்.

பெலவேந்திரன் வந்திருந்தார்.
தண்ணீர் கூலர் பக்கம்
சுவரைப் பார்த்தபடி நின்றார், முழு நாடகமும்.
முடிந்ததும் யாரோ கை கொடுத்தார்கள்.
டம்ளரை நீட்டினார்.

மூன்று மாதம் கழித்து
ஷட்டருக்கு அடியில் ஒரு தலை.
"முப்பத்தோரு பக்கம். எண்ணிக்கங்க."
மேசையில் ஆறு ரியால் இருநூறு பைசா.
மறுத்துப் பார்த்தேன்,
நாணயங்களை விரலால்
என் பக்கமே தள்ளினார்.

முதல் காட்சி, முதல் வரி,
அடைப்புக்குறிக்குள்:
தண்ணீர் டேங்கர் ஒன்று
மேடைக்குள் வந்து நிற்கிறது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
குறைக்கச் சொல்லவில்லை நான்.
எத்தனை காலன் டேங்கர்
என்று மட்டும் கேட்டேன்.